சிவிகைக் குறளும் மெய்யியல் வகுப்பும்

பேராதனையில் தொடங்கிக் கம்பளை, புசல்லாவை வழியாக மேலேறும் நெடுஞ்சாலை நுவரெலியாவை அடையுமுன் இறம்பொடைக் கணவாயைக் கடக்கின்றது. 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அருவியைக் காண வருவோர் அச்சாலையின் வளைவுகளில் வண்டியை நிறுத்துவர். எதிர்த்திசையிலோ, தோட்டத்து லயங்களிலிருந்து பெட்டியுடன் இறங்கும் மாணவர் சிலர், அதே சாலையின் தொடக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்கின்றனர். உயர்தர வகுப்பில் அளவையியலும் இந்து நாகரிகமும் பயின்றவர் பட்டப்படிப்பிற்கு மெய்யியலைத் தேர்தல் இயல்பே. மெய்யியல் படித்தால் என்ன தொழில் கிடைக்கும் என்று வீட்டார் வினவுதலும் இயல்பே. அவ்வினாவுக்குப் பெரும்பாலும் ஆசிரியத் தொழில் என்பதே விடையாய் முடியும். அதனை இங்கு நீட்ட வேண்டுவதில்லை. ஆராயத்தக்கது வேறொன்று. அம்மாணவர் தம் மலையிலிருந்து உடன்கொண்டு செல்லும் ஒழுக்கவியல் வினா, அவர் அங்கு எழுதும் விடைத்தாள்களில் எங்கேனும் எதிர்ப்படுகின்றதா என்பதே அது.

பிரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கொடுத்து, கூடையை முதுகில் தாங்கி, மாலையிற் கொழுந்து நிறுக்கும் இடத்திற் காத்து நிற்கும் ஒருத்தியின் வாழ்வு ஏன் அவ்வாறு அமைந்தது? தோட்டத்து முதியோர் வாயில் இதற்கு விடை ஒன்று ஆயத்தமாக உளது: தலையெழுத்து. கல்வி கற்றார் அதனையே ‘வினைப்பயன்’ என்பர். சொல் மாறினும் கருத்து மாறவில்லை. இவ்விடை மெய்தானா, மெய்யாயின் அதிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது என்று பகுத்துக் காட்டுவதே ஒழுக்கவியல் கற்பிப்போர் செய்யவேண்டிய முதற்பணி எனலாம்.

இவ்வினாவை நேரே எழுப்பும் தமிழ்ச் செய்யுள் ஒன்று எல்லார்க்கும் தெரிந்ததே. அறன்வலியுறுத்தல் என்னும் அதிகாரத்து 37 ஆம் குறள், சிவிகையைத் தோளிற் சுமப்பவனையும் அதன்மேல் ஏறிச் செல்பவனையும் ஒருங்கே நிறுத்தி, அறத்தைப் பற்றி ஏதோ ஒன்றை ‘வேண்டா’ என்கின்றது. அந்த ‘வேண்டா’ விலக்குவது யாது என்பதே வழக்கு.

பரிமேலழகர் கொண்ட பொருள் இது: அறத்தின் பயன் இத்தகையது என நூற்சான்று காட்டி உணர்த்த வேண்டுவதில்லை, சுமப்பவன், ஊர்பவன் ஆகிய இருவரையும் கண்ட அளவிலே அது விளங்கிவிடும். ஆகம அளவை ஈண்டு மிகை. காட்சி அளவையே அமையும் என்பது அவர் கருத்து. அறம் இறக்குங்காலத்தும் நீங்காத துணை என்று முந்திய குறள் கூறிற்று. அதனை இக்குறள் தெளிவிக்கின்றது என்றும் அவர் இயைபு காட்டினார். இவ்வுரையை எளிதாகத் தள்ளுதல் தகாது. அதிகாரத்தின் தொடர்ச்சியை அது பேணுகின்றது. அடுத்து வரும் 38 ஆம் குறளும் பிறவி வருகின்ற வழியை அடைக்கும் கல்லைப் பற்றிப் பேசுவதால், மறுபிறப்புச் சிந்தனை இவ்விடத்திற்கு அயலானதன்று. ஊழ் என்னும் அதிகாரமும் அறத்துப்பாலின் முடிவிலேயே நிற்கின்றது. ஆகவே, வள்ளுவர் இவ்வாறு கருதியிருக்கவே முடியாது என்று கூறி உரையாசிரியரைப் பழித்தல் திறனாய்வாகாது. அது விருப்பத்தை வெளியிடுதல் மட்டுமே.

எனினும் இவ்வுரை அளவையியலின் முன் நிற்குமா என்பது தனி வினா. பரிமேலழகரே அளவைகளின் பெயரைச் சொல்லி வழக்காடுவதால், அவ்வளவைகளைக் கொண்டே அவர் கூற்றைச் சோதித்தல் முறையாகும். காட்சியில் அகப்படுவது யாது? ஒருவன் தோள்மேல் ஒரு தண்டு; தண்டில் தொங்கும் ஊர்தியில் மற்றொருவன். இதற்குமேற் கண் எதனையும் காண்பதில்லை. ஊர்பவன் முற்பிறப்பில் அறஞ்செய்தான், சுமப்பவன் செய்திலன் என்பது காணப்படும் பொருளன்று, கருதப்படும் பொருள். எனவே இது காட்சியன்று, அனுமானம். அனுமானமாயின் அதற்கு வியாத்தி வேண்டும். புகையுள்ள இடத்து நெருப்புண்டு என்பது, அடுக்களையில் இரண்டனையும் ஒருங்கே கண்டமையாற் கிடைத்தது. அறஞ்செய்தலையும் மறுபிறப்பிற் சிவிகை ஊர்தலையும் ஒருங்கே கண்டார் யார்? எவரும் இலர். அவ்வியாத்தியை நூல் ஒன்றே தரவேண்டும். ஆகம அளவை மிகை என்று வாயில்வழி வெளியேற்றிய உரை, அதே ஆகமத்தைச் சாளரவழி உள்ளே ஏற்றுக்கொண்டது.

இன்னுமொன்று. இவ்வதிகாரத்து 34 ஆம் குறள், உள்ளம் மாசற்றிருத்தலே அறம், ஏனைய யாவும் வெற்றாரவாரம் என வரையறுக்கின்றது. அறம் உள்ளத்தின் தூய்மையாயின், அதன் அடையாளம் தோளிற் கிடக்கும் தண்டிலும் மெத்தையிலும் வெளிப்படையாய்க் காணப்படும் என்பது எங்ஙனம் பொருந்தும்? மூன்று குறள்களுக்கு முன்னர் வெளித்தோற்றத்தை விலக்கிய புலவர், மூன்று குறள்களுக்குப் பின்னர் அதனையே சான்றாக்கினார் என்று கொள்ளவேண்டி வருகின்றது. மேலும், வழி என்று பொருள்படும் ‘ஆறு’ என்னும் சொல்லைப் பயன் என்று மாற்றிக்கொள்ளவும், அம்மாற்றத்திற்கு அமைதி கூறவும் பரிமேலழகர் நேர்ந்தது. உரை நேராகச் சென்றிருப்பின் இவ்வமைதி தேவைப்பட்டிராது.

இக்காலத்தார் பலர் ‘வேண்டா’ என்பதற்குத் தேவையில்லை என்னாது கூடாது என்று பொருள்கொள்வர். சுமப்பவனையும் ஊர்பவனையும் காட்டி, இதுவே அறநெறி என்று சொல்லற்க என்பது அவர் கொள்ளும் பொருள். ‘ஆறு’ என்னும் சொல் தன் இயல்பான பொருளிலேயே நிற்கின்றது. 34 ஆம் குறளோடும் முரண் இல்லை. ஆயினும் இவ்வுரையும் முந்திய குறளோடும் பிந்திய குறளோடும் இயைபு காட்டுவதில் இடர்ப்படுகின்றது என்பதை மறைத்தல் நேர்மையன்று. சொல்லிலக்கணம் மட்டும் இவ்வழக்கைத் தீர்த்துவிடாது. தீர்க்கவேண்டியதும் அன்று. புலவர் கருத்து எதுவாயினும், சிவிகையைக் கண்டவுடன் அறத்தைக் கண்டதாக எண்ணுதல் அளவைப்பிழை என்பது மேலே காட்டப்பட்டது. அப்பிழை வள்ளுவருடையதா உரையாசிரியருடையதா என்பது தமிழ்த்துறையின் வினா. பிழை பிழையே என்பது மெய்யியல் துறையின் முடிபு.

இவ்விரு துறைகளும் ஒன்றோடொன்று பேசாமையே இன்றைய குறை. மாணவர் ஒருவர் ஒழுக்கவியற் பாடத்தில் பிளேற்றோ, அரிஸ்ரோட்டில், கான்ற், மில் ஆகியோர் கொள்கைகளை வரிசையாகப் பயில்கின்றார். இந்திய மெய்யியற் பாடத்தில் தரிசனங்களை எண்ணி ஒப்பிக்கின்றார். குறளோ பெரும்பாலும் இலக்கிய வகுப்பிற்கு விடப்படுகின்றது. அங்கே அது நயம் பாராட்டப்பட்டு அமைகின்றது. கான்றின் கடமைக் கோட்பாட்டைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதும் மாணவர், தம் பாட்டியார் நாள்தோறும் சொல்லும் தலையெழுத்துக் கொள்கையை ஒரு பக்கம் ஆராயாது பட்டம் பெறுதல் கூடும். ஆண்டாண்டாகக் கைமாறும் குறிப்பேடுகளின் துணை இருப்பின், கான்றையும் ஆராயாமலே பட்டம் பெறலாம் என்பது வேறு கதை.

கற்கும் இடத்திலேயே இவ்வினா எதிர்ப்பட்டு, அதற்கு விடை கூறுமாறு ஒரு மாணவரைத் தூண்டிய நிகழ்ச்சியும் உண்டு. 1888 ஆம் ஆண்டு திருத்தணியிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் பயின்றார். அப்பாடத்தை அவர் ஆய்ந்து தேர்ந்தார் என்பதற்கில்லை. பட்டம்பெற்ற உறவினர் ஒருவர் தம் மெய்யியல் நூல்களைக் கொடுத்தமையே காரணமாயிற்று. அக்கல்லூரியின் பேராசிரியருள் ஒருவர் ஏ. ஜீ. ஹொக். வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டு அக்காலத்துக் கிறித்தவச் சூழலிற் பரவலாக இருந்தது. அதற்கு மறுமொழியாகவே, இருபது வயதில், 1908 ஆம் ஆண்டு, வேதாந்தத்தின் ஒழுக்கவியலும் அதன் மெய்ப்பொருளியல் அடிப்படைகளும் பற்றிய தம் முதுகலைமாணி ஆய்வேட்டை அவர் எழுதினார். ஆசிரியர் சினப்பாரோ என்று அஞ்சிய மாணவருக்கு, ஹொக் மனமுவந்து நற்சான்று வழங்கினார். மாற்றுக் கொள்கையினர் முன்னிலையிலே தன் கொள்கைக்கு நியாயம் கூறுதல் என்னும் பயிற்சியை அக்கல்லூரி கொடுத்தது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவை இலக்கணத்தை முதலில் வகுத்து, பரபக்கத்தில் உலகாயதன் முதலானோரைத் தத்தம் கட்சியைத் தாமே பேசவிட்டுப் பின்னர் மறுத்ததும் அதே பயிற்சியே.

ஹொக் 1909 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட ‘கன்மமும் மீட்பும்’ என்னும் ஆராய்ச்சியின் சாரம் கருதத்தக்கது. வினைக்கொள்கை உலகத்தை ஒரு நீதிமன்றமாக்கிவிடுகின்றது. ஒவ்வொரு துன்பமும் தீர்ப்பாகிவிடுகின்றது. தகாத துன்பம் என்ற ஒன்று இருத்தற்கும், பிறர்பொருட்டு ஒருவன் ஏற்கும் துன்பத்திற்கும் அங்கே இடமில்லை என்பது அவர் தடை. அவர் சமயத் தொண்டர் என்பதனால் இத்தடை தள்ளுபடியாகாது. மெய்யாகவே இது கூர்மையான தடை. சுமப்பவனுடைய துன்பம் தீர்ப்பாயின், அவன் தோளை மாற்றிக்கொடுக்க முன்வருபவன் தீர்ப்பைக் கெடுப்பவன் ஆகிவிடுகின்றான் அல்லவா?

இராதாகிருஷ்ணன் இதற்கு அளித்த முதிர்ந்த விடை, 1926 ஆம் ஆண்டு ஒக்ஸ்போட்டில் ஆற்றி மறு ஆண்டு நூலாக வெளிவந்த ‘இந்து வாழ்க்கை நோக்கு’ என்னும் சொற்பொழிவுகளிற் காணப்படுகின்றது. அங்கே அவர் வாழ்வைச் சீட்டாட்டத்திற்கு ஒப்பிடுவார். கையில் வரும் சீட்டுகளைத் தெரிவு செய்பவர் நாம் அல்லேம். அவை பழவினையால் வருவன. ஆயினும் எவ்வாறு ஆடுவது என்பது நம் உரிமை. விதிக்கொள்கை வேறு, வினைக்கொள்கை வேறு என்பதை இவ்வுவமை தெளிவாகக் காட்டுகின்றது. ஆள்வினையுடைமை பாடிய வள்ளுவர்க்கும் இது உடன்பாடாகவே இருக்கும். சோம்பி இருப்பார்க்கு வினைக்கொள்கை அடைக்கலம் தராது என்ற அளவில் இவ்விடை வெற்றி பெற்றது.

ஆனால் உவமையின் குறை அது கூறாமல் விட்ட இடத்திலே உளது. சீட்டாட்டத்தில் சீட்டைக் கலைத்துப் பங்கிடுபவன் ஒருவன் இருக்கின்றான். அவன் முறையாகப் பங்கிட்டான் என்ற நம்பிக்கையின்மேலேயே ஆட்டம் நடக்கின்றது. அடியிலிருந்து சீட்டை உருவினான் எனத் தெரியவரின், தோற்றவனை நோக்கி நீ ஆடிய முறை பிழை என்று கூறுவார் இலர். இராதாகிருஷ்ணன் பங்கிடுபவனின் இடத்தில் பழவினையை வைத்தார். வைத்தவுடன் மனிதக் கை அங்கிருந்து மறைந்துவிட்டது.

இறம்பொடையில் அந்தக் கை மறைந்ததில்லை. அது ஆண்டு, இலக்கம் இட்ட சட்டங்களாக அச்சேறியுள்ளது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையார் இத்தீவிற் பிறந்தமைக்கு ஆவணம் காட்ட இயலாத மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. மறு ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் அவர்தம் வாக்குரிமையும் நீங்கிற்று. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவர் என்று மக்களைப் பங்கிட்டது. நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 ஆம் ஆண்டில். ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஓர் ஆயுளின் பெரும்பகுதி. இச்சீட்டுகளைப் பங்கிட்டவர்க்குப் பெயர் உண்டு, கையொப்பம் உண்டு. இவற்றைப் பழவினை என்று சொல்வது, சுருங்கச் சொன்னால், ஆவணத்தைப் படிக்க மறுப்பதாகும்.

இவ்விடத்து ஒரு வரலாறு குறிக்கத்தக்கது. தமிழகத்திலிருந்து வறியவராக வந்த கருப்பையா என்பார், இறம்பொடையில் உள்ள வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளர் ஆனார். அவர் மைந்தரே 1947 இல் நுவரெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சௌமியமூர்த்தி தொண்டமான். ஓர் ஆயுளுக்குள்ளேயே சுமக்கும் நிலையிலிருந்து ஊரும் நிலைக்கு வந்த இதனைச் சிவிகைக் குறளின் பழைய உரை எவ்வாறு விளக்கும்? ஏறியதும் வினைப்பயன் என்னும். ஏறாதிருப்பின் அதுவும் வினைப்பயன் என்னும். உயர்தர வகுப்பில் அளவையியலோடு விஞ்ஞான முறையும் படித்த மாணவர், எது நிகழினும் பொய்ப்படாத கூற்று உலகைப் பற்றி எதனையும் கூறவில்லை என்ற கார்ல் பொப்பரின் தடையை அறிவார். அவ்வறிவைப் பரீட்சை முடிந்தவுடன் கட்டிவைத்துவிடுதல் நேர்கின்றது. அதனை வீட்டு வாயிலிற் பயன்படுத்தலாம் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

பேராதனையிலேயே இதற்கு வேண்டிய கருவி ஒன்று கிடைத்திருந்தது. அங்கு மெய்யியற் பேராசிரியராக விளங்கிய கே. என். ஜயதிலக (1920–1970), கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்ரைனின் விரிவுரைகளைக் கேட்டவர்; 1963 இல் ஆதிபௌத்தத்தின் அறிவுக்கொள்கை பற்றிய பெருநூலை வெளியிட்டவர். பாளி நூல்களுள் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில், சிவகன் என்னும் பரிவிராசகன் புத்தரை வினவும் பகுதி உண்டு. மனிதன் நுகரும் யாவும் முன்செய்த வினையால் வருவனவே என்போரைப் பற்றி அவன் கேட்கின்றான். நுகர்ச்சிக்கு எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டிய புத்தர், பித்தம், கபம், வாதம், பருவமாற்றம், பிறர் செய்யும் தாக்குதல் முதலியவற்றின் பின்னரே வினையை ஒன்றாக வைத்தார். யாவும் வினையே என்போர் தாமே நேரிற் கண்டறிந்ததையும் உலகம் ஒப்பியதையும் கடந்து பேசுகின்றனர் என்பது அவர் தீர்ப்பு. காட்சியின் எல்லையைப் பற்றிய இத்தடை, பரிமேலழகர் உரைமேல் முன்னர் எழுப்பப்பட்ட தடையே. பௌத்த மெய்யியலைச் சிங்கள மாணவர்க்கு உரியது என்றும் சைவ சித்தாந்தத்தைத் தமிழ் மாணவர்க்கு உரியது என்றும் பங்கிட்டுக் கற்பதால் இழப்பது எவ்வளவு என்பதற்கு இஃது ஓர் அளவுகோல். மணிமேகலை சமயக்கணக்கர் எல்லாரையும் தேடிச் சென்று கேட்டாள்.

இவ்வாறு கூறுவதால் வினைக்கொள்கையையே கைவிடவேண்டும் என்பதாகாது. சைவ சித்தாந்தம் அதனைக் கைவிடவில்லை. ஆயினும் நுட்பமாகப் பகுத்தது. கன்மம் சடம், தானே சென்று பயனைக் கூட்ட மாட்டாது, இறைவனே கூட்டவேண்டும் என்பது அதன் துணிபு. எனவே வினையை ஒரு பொறிபோல இயங்கும் நீதிமன்றமாகக் கருதிய ஹொக்கின் தடை சித்தாந்தத்தின்மேல் முழுதும் செல்லாது. அதனினும் முதன்மையானது, நுகரும் வினையாகிய பிராரத்துவத்தையும் அந்நுகர்ச்சியின்போதே புதிதாக ஈட்டப்படும் ஆகாமியத்தையும் வேறுபடுத்தியமை. பிராரத்துவம் பிற உயிர்கள் வாயிலாகவும் வந்து பொருந்தும் என்று சித்தாந்த நூலார் கூறுவர். ஒருவன் கையால் மற்றொருவனுக்குத் துன்பம் வருமாயின், பட்டவனுக்கு அது பிராரத்துவமாய்க் கழிகின்றது; செய்தவனுக்கோ ஆகாமியமாய் ஏறுகின்றது. பட்டவன் கணக்குத் தீர்ந்தது என்பதனாற் செய்தவன் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. ‘அது அவன் விதி, என்மேற் குற்றமில்லை’ என்னும் வாதம் சித்தாந்தத்தில் ஒரு கணமும் நிலைபெறாது. விதியின் பெயரால் இரங்காதிருப்பார் அப்பெயரைக் கடன்வாங்கும் நூலை முழுதும் படித்திலர் என்க.

இப்பகுப்பைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் வகுப்பறையில் கேட்க நேரின், பாட்டியாரின் சொல் முற்றும் பொய்யன்று என்பதையும், அது துரைக்கோ அரசுக்கோ விடுதலைப் பத்திரம் ஆகாது என்பதையும் ஒருங்கே உணர்வார். நம்பிக்கையையும் நீதியையும் எதிரெதிர் நிறுத்தி ஒன்றைத் தெரிவு செய்யுமாறு அவரை வற்புறுத்த வேண்டுவதில்லை. இன்று இறம்பொடைக் குன்றில் சின்மயா மிஷன் எழுப்பிய அநுமன் கோயிலும் உண்டு. பல்கலைக்கழகம் கொண்டுவராத வேதாந்தம் கோயில்வழி வந்து சேர்ந்தது என்று நகையாடலாம். ஆயினும் கோயிலிற் கேட்கும் உரைக்கு எதிர்வினா எழுப்புதல் வழக்கமன்று. அதற்கென்றே வகுப்பறை இருக்கின்றது.

ஒழுக்கவியல் வினாத்தாள் ஒன்றில் 37 ஆம் குறளைத் தந்து, பரிமேலழகர் கூறும் காட்சி அளவை அங்கு அமையுமா என ஆராய்க என்று கேட்பின் என்ன நேரும்? குறிப்பேடு உதவாது. பரபக்கம் உதவும், ஜயதிலகவின் நூல் உதவும், ஹொக்கின் தடையும் உதவும், 1948 ஆம் ஆண்டுச் சட்டமும் மேற்கோளாய் வரலாம். விடை எழுதுவோர் சுமப்பவனைப் பற்றியே பெரிதும் எழுதுவர். அவன் முன்செய்தது யாது என்று தேடுவர். ஊர்பவன் பக்கம் திரும்புவார் சிலரே இருப்பர். ஏறியிருக்கும் அந்நேரத்தில் அவன் ஈட்டும் ஆகாமியம் யாது என்பதைப் பற்றி உரையாசிரியர் ஒன்றும் கூறவில்லை.